டீசல் அடிட்டிவ்: லாரி எஞ்சினுக்கு எந்தப் பாட்டில் வேலை செய்யும், எது வீண்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி ஸ்பேர்ஸ் கடைக்குள் போனால் கல்லாவுக்குப் பக்கத்திலேயே டீசல் அடிட்டிவ், அதாவது டீசலில் கலக்கும் மருந்துப் பாட்டில்கள் நிற்கும். லேபிள்களில் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: மைலேஜ் கூடும், புகை குறையும், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) சுத்தமாகும், பிக்கப் ஏறும். லாரித் தொழிலில் டீசல்தான் பெரிய செலவு என்பதால் "ஒரு தடவை ஊற்றித்தான் பார்ப்போமே" என்று ஓனர்கள் வாங்கிவிடுகிறார்கள். இங்கே பிராண்டு பிராண்டாகப் பார்க்காமல், பாட்டிலுக்குள் இருக்கும் மருந்தின் வகையை வைத்து எடைபோட்டிருக்கிறோம். ஒரே வகை மருந்துதான் பல பெயர்களில் விற்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மைலேஜுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இன்ன கோளாறு என்று தெரிந்து, அதற்குரிய வகையை உரிய அளவில் ஊற்றினால் சில வகைகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. சில வகைகள் பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்குக் கெடுதல் செய்கின்றன.

மைலேஜ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு சக்கர வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது, மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் 2,500 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,30,000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு ஒரு பாட்டில், பாட்டில் 1,500 ரூபாய் என்றால் மாதச் செலவு 3,750 ரூபாய், அதாவது டீசல் செலவில் 1.6 சதவீதம். போட்ட காசு திரும்பி வருவதற்கே மைலேஜ் 4-லிருந்து 4.065-க்கு ஏற வேண்டும். லிட்டருக்கு 65 மீட்டர். இந்த 65 மீட்டரை எந்த டிரைவராலும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தொப்பூர் கணவாயில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாலோ, திரும்பும் லோடு இரண்டு டன் குறைந்தாலோ, டயரில் காற்று இறங்கியிருந்தாலோ ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் ஐந்து, பத்து சதவீதம் வித்தியாசம் சாதாரணமாக வரும். "ஊற்றினதும் மைலேஜ் ஏறியது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த டிரிப்பில் ஏறித்தான் இருக்கும், ஆனால் அதற்குக் காரணம் பாட்டில்தான் என்று அந்த ஒரு டிரிப்பை வைத்துச் சொல்ல முடியாது.

எஞ்சின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே விடைதான். நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சின், உள்ளே போகும் டீசலில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கனவே எரித்துவிடுகிறது. கரும்புகை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் எடையில் அது மிகச் சிறிய பங்கு. எரிந்த சக்தியில் பாதிக்கு மேல் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது, அதை எந்தத் திரவமும் பிடித்துத் தராது. ஆகவே "முழுமையாக எரிய வைத்து 10, 15 சதவீதம் மிச்சம்" என்ற லேபிளுக்கு மிச்சம் பிடிக்க இடமே கிடையாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சம் செய்வதாகச் சொல்லி விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்திருக்கிறது. மைலேஜை எடுத்துச் சொல்லும்படி கூட்டியது ஒன்றுமில்லை. சில பாட்டில்களில் அந்த முகமையிடம் பதிவு செய்ததாக அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பதிவு, உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது என்று தெரிவித்ததற்கானது. வேலை செய்கிறது என்பதற்கான சான்று அல்ல. டீசல் குழாயில் மாட்டும் காந்தத்துக்கும் இதே பதில்தான், அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பங்கில் வாங்கும் டீசல் வெறும் டீசல் அல்ல. ஐஎஸ் 1460 தரக்கட்டுப்பாட்டின்படி அதன் சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவு) குறைந்தது 51 இருக்க வேண்டும், தண்ணீர் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வழவழப்புச் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். இதற்குத் தேவையான மருந்துகளைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள்.

வழவழப்பு என்ற விஷயத்தை வைத்துத்தான் அதிகப் பயமுறுத்தல் நடக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 டீசல் வந்தபோது கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. பிஎஸ்3 காலத்தில் அது 350. "கந்தகம் போய்விட்டது, பம்ப் தேய்ந்துவிடும்" என்று சொல்லி மருந்து விற்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது ரோட்டரி பம்புகள் உண்மையிலேயே தேய்ந்து போயின. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில், இயற்கையாக வழவழப்புத் தரும் சில சேர்மங்களும் சேர்ந்து போய்விடுவதுதான் காரணம். அதன் பிறகுதான் 460 மைக்ரான் என்ற அளவுகோலே வந்தது. இன்று ஒழுங்கான பங்கில் டீசல் போடும் வண்டிக்குத் தனி வழவழப்பு மருந்து தேவையில்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலை அறியாமல் போட்டுவிட்டால் அவசரத்துக்கு அது உதவும், அவ்வளவுதான். அதைவிட நல்லது, பங்கில் அடர்த்தி பார்க்கக் கேட்பது. ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பதும் கேட்டால் காட்டுவதும் அவர்கள் கடமை. 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி, டேங்கர் வந்தபோது பதிவான எண்ணிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது.

சீட்டேன் கூட்டும் மருந்தில் இருப்பது பெரும்பாலும் எத்தில் ஹெக்சைல் நைட்ரேட். இது வேலை செய்யும் மருந்துதான். ஆயிரம் பிபிஎம் அளவில் கலந்தால் சீட்டேன் எண் சில புள்ளிகள் ஏறும். டீசல் பீய்ச்சியதற்கும் பற்றுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைவதால் காலையில் வெள்ளைப் புகை குறையும், தட்டும் சத்தம் தணியும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், அதுவும் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். டிரைவர் "வண்டி லேசாகிவிட்டது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சத்தக் குறைவைத்தான். ஆனால் டீசலுக்குள் இருக்கும் சக்தி இதனால் கூடுவதில்லை. காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) மெயின் இன்ஜெக்ஷனுக்கு முன்னால் ஒரு சிறு பைலட் இன்ஜெக்ஷனைக் கொடுத்து எஞ்சின் கணினியான ஈசியூவே இந்த வேலையைச் செய்துவிடுவதால், 51 சீட்டேன் டீசலுக்கு மேல் ஊற்றுவது வீண்.

இனி உண்மையாகவே காசுக்கு வேலை செய்யும் வகை: இன்ஜெக்டர் துப்புரவு மருந்து, கடைக்காரர்கள் டிடர்ஜென்ட் என்பது. காமன் ரெயிலில் டீசல் 1,600 பார், அதற்கும் மேல் அழுத்தத்தில் போகிறது. நாசில் துளைகள் தலைமுடி அளவுதான், உள்ளே ஊசிக்கும் சுவருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். இங்கே இரண்டு விதமாக அழுக்கு பிடிக்கும். துளை வாயில் கரி பிடிப்பது ஒன்று. ஊசியின் மேல் தேன் நிறத்தில் வார்னிஷ் அடித்தது போலப் பிசின் படிவது இன்னொன்று. முதலாவதுக்குத் துத்தநாகம் பெரிய காரணம். டீசலில் 1 பிபிஎம் துத்தநாகம் இருந்தாலே துளை அடைபடத் தொடங்கும், ஐரோப்பிய இன்ஜெக்டர் சோதனையில் வேண்டுமென்றே இந்த அளவுதான் கலக்கிறார்கள். யார்டில் துத்தநாகம் பூசிய ஜிஐ டிரம்மிலும் ஜிஐ பைப்பிலும் டீசல் சேமித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிரம்மை மாற்றாமல் மாதாமாதம் மருந்து வாங்கிப் பயனில்லை.

மருந்து ஊற்றுவதற்கு முன் ரிட்டர்ன் சோதனை செய்து பார்ப்பது கட்டாயம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாயில் ஒரு டியூப் மாட்டி, ஒரே மாதிரியான சிறு பாட்டில்களில் விட்டு, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்டினால் போதும். ஆறில் ஐந்து பாட்டில் கால்வாசி நிறைந்து, ஒன்று மட்டும் பாதிக்கு ஏறியிருந்தால் அந்த இன்ஜெக்டரில் வால்வு தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இரும்பை எந்த மருந்தும் வளர்க்காது, நேராக கேலிபரேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். எல்லாப் பாட்டிலும் ஒரே மட்டத்தில் இருந்து, ஸ்கேனரில் சிலிண்டர் கரெக்ஷன் எண்கள் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மட்டும் முன்பைவிட விலகியிருந்து, ஏற்றத்தில் இழுவை குறைந்திருந்தால் அழுக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மருந்துக்கு வேலை உண்டு.

ஊற்றும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. லேபிளில் துப்புரவு அளவு, பராமரிப்பு அளவு என்று இரண்டு கொடுத்திருப்பார்கள். முதல் இரண்டு டேங்குக்குத் துப்புரவு அளவு. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 365 லிட்டர் டேங்குக்கு 365 மில்லி. டேங்கில் முதலில் மருந்து, அதன் மேல் டீசல், அப்போதுதான் தானாகக் கலக்கும். வண்டி லோடோடு ஏற்ற இறக்கத்தில் ஓட வேண்டும், யார்டில் ஐடிலில் விட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு மூன்று டேங்க் ஓடிய பிறகே கரெக்ஷன் எண்கள் திரும்பத் தொடங்கும். டேங்க் பழையதாக இருந்தால் மருந்து அடியில் உறைந்த கசடையும் கிளப்பிவிடும். அதனால்தான் "மருந்து ஊற்றினேன், நடுரோட்டில் நின்றுவிட்டது" என்ற புகார் வருகிறது. மருந்து கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, ஃபில்டர் அடைத்துக்கொண்டது. முதலில் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், அல்லது பிரைமரி, செகண்டரி ஃபில்டர் ஒரு செட் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தப்பு. தரம் குறைந்த டிடர்ஜென்ட்டை அதிகமாக ஊற்றினால் அதுவே ஊசியின் மேல் பிசினாகப் படியும்.

தண்ணீர்தான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். டீசலில் கலந்த தண்ணீர் நாசில் முனை வரை போனால் அங்கே நொடியில் ஆவியாகி முனையையே உடைக்கும். பம்புக்குள் நின்றால் துரு பிடிக்கும். கடைகளில் "வாட்டர் ரிமூவர்" என்று ஒரே பெயரில் நேரெதிரான இரண்டு மருந்துகள் விற்கின்றன. ஒன்று, தண்ணீரை டீசலிலிருந்து பிரித்து அடிக்குத் தள்ளும். வாட்டர் செபரேட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும், திருகைத் திறந்து வடித்துவிடலாம். மற்றது, ஆல்கஹாலோ சோப்பு போன்ற பொருளோ சேர்த்து, தண்ணீரை டீசலோடு கரைத்துச் செபரேட்டருக்கே தெரியாமல் எஞ்சினுக்குள் அனுப்பும். பழைய இன்லைன் பம்ப் வண்டி இதைத் தாங்கிக்கொண்டது. காமன் ரெயில் தாங்காது.

இரண்டில் எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில் இரண்டு எடுங்கள். இரண்டிலும் 400 மில்லி டீசல், 40 மில்லி தண்ணீர். ஒன்றில் மட்டும் மருந்தை லேபிள் அளவில் விடுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 0.4 மில்லி, மருந்துக்கடை சிரிஞ்சில் அளக்கலாம். இரண்டையும் அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, இருபது நிமிடம் ஆடாமல் வையுங்கள். மருந்து விட்ட பாட்டிலில் கத்தியால் கோடு கிழித்தது போல அடியில் தெளிந்த தண்ணீரும் மேலே தெளிந்த டீசலும் நின்றால் அது பிரிக்கும் மருந்து, வாங்கலாம். மோர்த் தண்ணீர் போலக் கலங்கி, கோடே தெரியாமல் நின்றால் அந்தப் பாட்டிலைக் காமன் ரெயில் வண்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சோதனைக்கு இருபது ரூபாய்கூட ஆகாது, ஒரு இன்ஜெக்டரின் விலை பல ஆயிரம்.

பிரிக்கும் மருந்தே என்றாலும் அது இரண்டாம் பட்சம்தான். மழைக்காலத்தில் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செபரேட்டரை வடிப்பது, இரவில் டேங்கைக் குறையாக விடாமல் நிரப்பி நிறுத்துவது, டேங்க் மூடியின் ரப்பர் வாஷரை மாற்றுவது ஆகிய மூன்றையும் செய்யும் வண்டிக்குத் தண்ணீர் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

தண்ணீர் தேங்கி வண்டியும் நின்றுவிட்டால் பூஞ்சை வரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளர்வது இது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும்போது கம்ப்ரஸர் டேங்கில் இதைப் பார்க்கலாம். ஃபில்டரைக் கழற்றினால் கருப்பும் பழுப்புமாக வழுவழுவென்று பாசி மாதிரி ஒட்டியிருக்கும், புளித்த நாற்றம் வரும். இதற்கு டிடர்ஜென்ட் உதவாது, பூஞ்சைக்கொல்லி வகைதான் வேண்டும். முதலில் அடித் தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும், தண்ணீர் இருந்தால் பூஞ்சை திரும்ப வந்துவிடும். லேபிள் அளவில் மருந்து விட்டு, டீசல் நிரப்பி, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். செத்த பூஞ்சை மிதந்து வந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் அடுத்த சில நூறு கிலோமீட்டருக்குள் ஒன்றுக்கு இரண்டு முறை ஃபில்டர் மாற்ற நேரலாம். இந்த மருந்து தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கிளீனரிடம் கொடுத்து ஊற்றச் சொல்லாதீர்கள். மாதாமாதம் ஊற்றும் மருந்தும் அல்ல இது.

குளிர் மருந்து தமிழ்நாட்டுக்குள் ஓடும் வண்டிக்குத் தேவையே இல்லை. ஆப்பிள் லோடுக்காகக் காஷ்மீர், இமாச்சல் போகும் வண்டிக்கு மட்டும்தான் பேச்சு. கோடைத் தர டீசல் 18 டிகிரியிலேயே ஃபில்டரை அடைக்கலாம் என்று தரக்கட்டுப்பாடு அனுமதிக்கிறது, குளிர்காலத் தரத்துக்கு 6 டிகிரி. கீழே நிரப்பிய டீசலோடு காஷ்மீர் போகும் வழியில் பனிஹால் மலை ஏறினால் மெழுகு உறைந்து வண்டி நிற்கும். மருந்தை ஜம்முவிலேயே, டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போது கலக்க வேண்டும். அது மெழுகுத் துகளைப் பெரிதாக வளரவிடாமல் தடுக்குமே தவிர, உறைந்த மெழுகைக் கரைக்காது. இதைவிட நல்லது, டேங்கைக் குறைத்துக்கொண்டு போய் மலைப் பகுதிப் பங்கில் குளிர்காலத் தர டீசல் நிரப்புவது. லடாக் பகுதிக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது.

பிஎஸ்6 வண்டிக்கு உண்மையான ஆபத்து உலோகம் கலந்த மருந்துதான். இரும்பு, சீரியம், மாங்கனீஸ் சேர்மங்கள் கரியை எளிதில் எரிய வைக்கும் என்பது சரி. 2000-ல் பியூஜோ கார்களில் சீரியம் மருந்தைத் தனி டேங்கிலிருந்து தானாகவே அளந்து கலக்கும் ஏற்பாட்டோடு டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வந்தது. அந்த ஃபில்டரே அதற்காக வடிவமைத்தது. நம் லாரிகளில் அப்படி இல்லை. ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷனில் 600 டிகிரி சூட்டில் கரி எரிந்துவிடும், உலோகச் சாம்பல் எரியாது. ஃபில்டருக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும், கழற்றித்தான் எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் உள்ளே இருக்கும் ரசாயனங்களைச் சொல்லும் பாதுகாப்புத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தாலோ, அதில் உலோகப் பெயர் இருந்தாலோ பிஎஸ்6 வண்டிக்கு வேண்டாம்.

2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலக்கும் பழக்கமும் இதில்தான் சேரும். இருநூறுக்கு ஒன்று என்று மாதம் 2,500 லிட்டருக்குக் கலந்தால் 12.5 லிட்டர் ஆயில். ஜாசோ எஃப்சி என்ற ஜப்பானியத் தர 2டி ஆயிலில் சாம்பல் 0.25 சதவீதம் வரை இருக்கலாம், அப்படிப் பார்த்தால் மாதம் 27 கிராம் சாம்பல் வரை டிபிஎஃப்புக்குள் போகும். பழைய பிஎஸ்2, பிஎஸ்3 வண்டியில் சத்தம் தணிந்தது என்று சொல்லி ஊற்றியவர்களுக்கு அங்கே இழப்பில்லை, அந்த வண்டியில் டிபிஎஃப் இல்லை. ஓடிய எஞ்சின் ஆயிலைக் கலப்பதோ எந்த வண்டிக்கும் ஆகாது. யூரியாவையும் இங்கே சொல்ல வேண்டும். டெஃப் என்பது பிஎஸ்6 வண்டியில் தனி டேங்கில் ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல், டீசல் அடிட்டிவ் அல்ல. தவறி டீசல் டேங்கில் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். சாவி போட்டாலே சில வண்டிகளில் ஃபீட் பம்ப் ஓடி லைன் முழுக்க இழுத்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவிய பிறகுதான் ஸ்டார்ட்.

எண்ணெய் நிறுவனங்களே விற்கும் பிராண்டட் டீசலில் பெரும்பாலும் டிடர்ஜென்ட்தான் கூடுதல். லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம் கொடுத்து எப்போதும் அதையே போடுவதைவிட, அழுக்குப் பிடித்ததற்கு அடையாளம் தெரியும்போது பாட்டில் வாங்கி ஊற்றுவது மலிவு.

இவ்வளவுக்குப் பிறகும் மைலேஜைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் இரண்டு வண்டிகளை வைத்துப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே ரூட், ஒரே எடை, ஒரே நாள் புறப்பாடு. ஐந்து டிரிப் இரண்டிலும் மருந்து இல்லாமல், அடுத்த ஐந்து டிரிப் ஒன்றில் மட்டும் மருந்தோடு. வண்டியின் மைலேஜைப் பார்க்காமல், இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் உள்ள விகிதம் மாறுகிறதா என்று பாருங்கள். அமெரிக்க லாரிகளுக்கான எஸ்ஏஇ ஜே1321 சோதனையும் இந்தக் கட்டுப்பாட்டு வண்டி முறையில்தான் நடக்கிறது. நிரப்புவது ஒரே பங்கில், ஒரே பம்பில், வண்டி ஒரே மட்டத்தில் நின்று. டீசல் பத்து டிகிரி சூட்டுக்கு 0.8 சதவீதம் விரியும் என்பதால் விடியற்காலை ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் நிரப்பினால் கணக்கு கெட்டுப்போகும். சோதனை முடியும் வரை டயர் காற்றையும் டிரைவரையும் மாற்றாதீர்கள்.

பாட்டிலைக் கேபினுக்குள் வெயில் படும் இடத்திலும் சைலன்சர் பக்கத்திலும் வைக்காதீர்கள். சீட்டேன் மருந்து 100 டிகிரிக்கு மேல் சூடேறினால் தானாகவே சிதையக்கூடியது. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஊற்றியது என்று ஃபில்டர் மாற்றிய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதி, பில்லையும் பாதுகாப்புத் தாளையும் வண்டி ஃபைலில் போட்டு வையுங்கள். வாரண்டியில் இன்ஜெக்டர் கேட்கும்போது டீலர் முதலில் எடுப்பது டேங்க் டீசல் சாம்பிளைத்தான்.